பால் ஊற்றும் முன்: வீட்டிலேயே தேயிலை ருசி பார்க்க ஒரு முழு வழிகாட்டி

நம் வீட்டு டீயில் பால், சர்க்கரை, இஞ்சி, ஏலக்காய் எல்லாம் தங்கள் பங்கை வாங்கிக்கொண்ட பிறகு மிச்சமிருக்கும் இடத்தில்தான் தேயிலை உட்கார்ந்திருக்கிறது. அதில் குறை ஒன்றுமில்லை. நானும் காலையில் அதைத்தான் குடிக்கிறேன். ஆனால் ஒரு பாக்கெட்டுக்கும் இன்னொரு பாக்கெட்டுக்கும் விலையில் ஏன் பத்து மடங்கு வித்தியாசம், நீலகிரித் தேயிலைக்கும் அசாம் தேயிலைக்கும் என்ன வேறுபாடு என்றெல்லாம் அந்த டம்ளரில் தெரியாது. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருட்களைப் பிடித்துக் கட்டிவிடும். முனை மழுங்கி, எல்லாத் தேயிலையும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆகிவிடும்.

ஆகவே ருசி பார்க்கும்போது மட்டும் பாலுக்கும் சர்க்கரைக்கும் விடுமுறை. இன்னொரு விதியும் உண்டு, இந்த வழிகாட்டி முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது: எந்தத் தேயிலையையும் தனியாகக் குடித்துப் பார்க்காதீர்கள், இரண்டை அருகருகே வையுங்கள். தனியாகக் குடித்தால் பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் எது மணம், எது கனம், எது வெறும் சாயம் என்று நாக்கு பிரிக்க ஆரம்பிக்கும்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

கிரீன் டீ, பிளாக் டீ, ஊலாங், ஒயிட் டீ எல்லாம் வேறு வேறு செடி என்று நினைப்பவர்கள் நிறைய. எல்லாமே கமீலியா சினென்சிஸ் என்ற ஒரே செடிதான். சிறிய இலை கொண்ட சீன வகை, பெரிய இலை கொண்ட அசாம் வகை என்று அதில் இரண்டு முக்கியப் பிரிவுகள் உண்டு. மற்றபடி வித்தியாசமெல்லாம் பறித்த கொழுந்தை என்ன செய்கிறார்கள் என்பதில்தான்.

இலை நசுங்கியதும் அதிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கும். நறுக்கிய வாழைக்காய் கறுப்பது போலத்தான். கிரீன் டீக்கு இதை ஆரம்பத்திலேயே சூடு காட்டி நிறுத்திவிடுகிறார்கள். சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வறுத்து, ஜப்பானில் ஆவியில் வேகவைத்து. ஊலாங் பாதி வழியில் நிற்பது. பிளாக் டீயில் இந்த மாற்றம் முழுமையாக நடக்கிறது. ஒயிட் டீக்கு உருட்டுவது கிடையாது, இளங்குருத்தை வாட்டி உலர்த்துவதோடு சரி. சீனாவின் யுன்னான் மாகாணத்து பூ-அர் தனி ரகம். நுண்ணுயிர்களைக் கொண்டு பதப்படுத்தி, சில வேளை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து குடிப்பது.

பிளாக் டீக்குள்ளேயே நாம் அறிந்துகொள்ள வேண்டிய பிரிவு சிடிசியும் ஆர்த்தடாக்ஸும். ஆர்த்தடாக்ஸ் என்றால் வாட்டிய கொழுந்தை உருளையில் முறுக்கி உருட்டும் பழைய முறை. இலை ஓரளவு முழுசாக, முறுக்கிய கம்பி போலக் கிடைக்கும். சிடிசி (கிரஷ், டியர், கர்ல் என்பதன் சுருக்கம்) 1930களில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய இயந்திர முறை. பற்களுள்ள உருளைகளுக்கு இடையே இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு குருணையாக வெளியே வரும். சீக்கிரம் சாயம் இறங்கும், பாலைத் தாங்கும், மலிவாகவும் முடியும். நம் சமையலறை டப்பாவில் இருப்பது அநேகமாக இதுதான்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'டஸ்ட்' என்பது தரையில் கூட்டி அள்ளிய தூசி இல்லை. தொழிற்சாலையில் சல்லடை போட்டுப் பிரிக்கும்போது கடைசியில் விழும் மிக நுண்ணிய ரகத்தின் பெயர் அது. அதேபோல 'ஆரஞ்சு பீகோ' என்ற இலை ரகத்தில் ஆரஞ்சுப் பழம் எங்கும் இல்லை. பி.ஓ.பி. (புரோக்கன் ஆரஞ்சு பீகோ), பி.ஓ.பி.எஃப். (அதைவிடச் சிறிய ஃபேனிங்ஸ்) என்று பெட்டியில் போடுவதெல்லாம் முதன்மையாக இலைத் துண்டின் அளவைச் சொல்பவை. நல்ல தோட்டத்து டஸ்ட், மோசமான தோட்டத்து முழு இலையைவிட ருசியாக இருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

படி 1: எதை வாங்குவது

ஆரம்பத்திலேயே இருபது வகை வாங்கிக் குவிக்க வேண்டாம். பழசாகிப் போவதுதான் மிச்சம். ஐம்பது அல்லது நூறு கிராம் பாக்கெட்டுகளாக நான்கைந்து போதும்.

வீட்டில் ஏற்கனவே இருக்கும் தூள் முதலாவது. அதை ஒதுக்காதீர்கள், நாக்குக்குப் பழகிய அளவுகோல் அதுதான். இரண்டாவது, நீலகிரி ஆர்த்தடாக்ஸ். குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் தொழிற்சாலைக் கடையிலேயே வாங்கலாம். தேனி மாவட்டத்தில், ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கும் கொழுக்குமலையிலும் ஆர்த்தடாக்ஸ் முறையில்தான் தயாரிக்கிறார்கள். மூணாறு போகிறவர்கள் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போய் வாங்கி வருவது இதைத்தான். மூன்றாவது, அசாம் ஆர்த்தடாக்ஸ். நான்காவது, டார்ஜிலிங். ஐந்தாவதாக ஒரு இலங்கைத் தேயிலை, முடிந்தால் ஊர் பெயர் போட்டது: நுவரெலியா, டிம்புல, ஊவா, ருகுணு இப்படி. 'சிலோன் டீ' என்று மட்டும் போட்டிருந்தால் அது பல மலைகளின் கலவையாக இருக்கலாம்.

பெட்டியில் மூன்று விஷயம் பாருங்கள். எங்கே விளைந்தது, எந்த மாதம் அல்லது எந்தப் பருவத்தில் பறித்தது, எப்போது பொதி செய்தது. டார்ஜிலிங் பெட்டியில் இலையைக் கையில் ஏந்திய பெண் முத்திரை இருக்க வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற முதல் இந்தியப் பொருள் அதுதான், 2004இல் கிடைத்தது. இலங்கையில் பொதி செய்த தூய இலங்கைத் தேயிலைக்கு சிங்க முத்திரை.

ரோஜா, பெர்கமட் (ஒரு வகை எலுமிச்சை), மல்லிகை சேர்த்தவற்றை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். வாசனை சேர்த்த தேயிலை நன்றாகவே இருக்கும், ஆனால் அதில் நீங்கள் ருசி பார்ப்பது வாசனையைத்தான்.

படி 2: பாத்திரம்

உள்ளே வெள்ளையாக இருக்கும், ஒரே அளவுள்ள இரண்டு பீங்கான் கப், அவற்றை மூட இரண்டு சின்னத் தட்டு, ஊற்றிப் பார்க்க இரண்டு வெள்ளைக் கிண்ணம், ஒரு வடிகட்டி, இரண்டு ஸ்பூன், கைப்பேசியில் நேரம் பார்க்கும் வசதி. இவ்வளவுதான். எவர்சில்வர் டம்ளர் இதற்கு உதவாது. சுவை கெட்டுவிடும் என்பதால் அல்ல, டிக்காஷனின் நிறம் அதில் தெரியாது, உதட்டையும் சுட்டுவிடும்.

காசு செலவழிக்க ஆசைப்பட்டால் ஒரு சின்ன மின்னணுத் தராசு வாங்குங்கள். ஒரு ஸ்பூன் டஸ்டும் ஒரு ஸ்பூன் முழு இலையும் எடையில் பாதிக்குப் பாதி வேறுபடும். ஸ்பூன் கணக்கில் போனால், இலைத் தேயிலை எப்போதும் 'தண்ணியா இருக்கு' என்று கெட்ட பெயர் வாங்கும். பாவம், அதன் அளவு குறைந்துபோனதுதான் காரணம்.

படி 3: தண்ணீர்

கப்பில் இருப்பதில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆனாலும் கடைசியாக யோசிப்பதும் அதைத்தான்.

சென்னைப் புறநகர் போர் தண்ணீர் போன்ற கடின நீரில் டீ மங்கலாக வரும். மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஏடு படியும், கப்பின் சுவரில் பழுப்பு வளையம் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்தும் தேயிலையின் பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருட்களும் சேர்ந்து உண்டாக்குவது அது. நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் ஏடு மறையும், ஆனால் ருசி பார்க்கும் வேலை கெட்டது. மறுபக்கம், உப்பெல்லாம் ஒட்ட எடுத்துவிட்ட ஆர்.ஓ. தண்ணீரில் டீ சப்பென்று, உயிரில்லாமல் இருக்கும். நடுத்தரமான கேன் தண்ணீர் பொருத்தமாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலந்து பாருங்கள். எதை எடுத்தாலும் ஒரே அமர்வில் எல்லாக் கப்புக்கும் அதே தண்ணீர். கொதித்ததும் இறக்குங்கள். முன்பே கொதித்து ஆறிய நீரைத் திரும்பச் சூடாக்க வேண்டாம்.

வெப்பநிலைக்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை, கணக்கு போதும். நம் ஊரில் சாதாரணத் தண்ணீர் 30 டிகிரி அளவில் இருக்கும். கொதிநீர் மூன்று பங்கு, சாதாரண நீர் ஒரு பங்கு கலந்தால் சுமார் 80 டிகிரி செல்சியஸ். இரண்டுக்கு ஒன்று என்றால் சுமார் 75. பிளாக் டீக்குத் தளதளவென்று கொதிக்கும் நீர், ஊலாங்குக்கு 90 சொச்சம், கிரீன் டீக்கு 75 முதல் 80, ஒயிட் டீக்கு 80 முதல் 85. ஊட்டிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் குடித்த அதே தூள் அங்கே மென்மையாகத் தெரிந்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 4: ஊறவைத்து ஊற்றுவது

தேயிலை சோதிப்பவர்களுக்கென்று ஒரு சர்வதேச முறை இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 3103 என்று பெயர், முதலில் 1980இல் வெளியானது. நூறு மில்லி நீருக்கு 2 கிராம் இலை, கொதிநீர், ஆறு நிமிடம். இது ருசித்துக் குடிப்பதற்கான அளவு இல்லை. தேயிலையின் குறைகளெல்லாம் முகத்தில் அடித்த மாதிரி தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே கடுமையாக வைத்திருக்கிறார்கள். பழகும்வரை 150 மில்லிக்கு 2 கிராம், நான்கு நிமிடம் போதும். நாக்கு பழகிய பிறகு அந்த ஆறு நிமிடத்துக்குப் போகலாம்.

1. வெறும் வெந்நீரை ஊற்றிக் கப்புகளைச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள்.

2. இரண்டிலும் எடை போட்ட இலையைப் போட்டு, சூடான கப்பில் அரை நிமிடம் மூடி வைத்துத் திறந்து முகருங்கள். டப்பாவிலிருந்து முகர்ந்தபோது வராத மணம் இப்போது வரும்.

3. இரண்டு கப்புக்கும் அடுத்தடுத்து நீர் ஊற்றி மூடுங்கள். நேரத்தைத் தொடங்குங்கள். நடுவில் கலக்க வேண்டாம். ஒன்றைக் கலக்கி இன்னொன்றை விட்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

4. நேரம் முடிந்ததும் ஊற்றிய அதே வரிசையில் கிண்ணங்களுக்கு வடிகட்டுங்கள். இலையை வடிகட்டியில் போட்டுப் பிழியாதீர்கள்.

5. வடித்த இலையைக் கப்பின் மூடித் தட்டில் கவிழ்த்து வையுங்கள். அதைத் தூக்கிப் போடத்தான் கை போகும், போடாதீர்கள். பாதிக் கதை அதில்தான் இருக்கிறது.

6. மூன்று நான்கு நிமிடம் ஆற விடுங்கள். நாக்கு சுட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

படி 5: பார்த்து, முகர்ந்து, உறிஞ்சி

முதலில் ஈர இலை. விரலால் ஒன்றை எடுத்து மெல்ல விரித்துப் பாருங்கள். நல்ல ஆர்த்தடாக்ஸ் தேயிலையில், முறுக்கிக் கிடந்த கறுப்புக் கம்பி நனைந்து விரிந்து, ஓரத்துப் பல்லும் நடு நரம்பும் தெரியும் இலையாகவே எழுந்துவிடும். நல்ல பறிப்பாக இருந்தால் காம்போடு இரண்டு இலையும் ஒரு மொட்டும்கூட அப்படியே கிடைக்கும். செம்பு நிறம் என்றால் நொதி வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. கரும்பச்சைத் திட்டுகள் இருந்தால் பாதியில் நின்றிருக்கிறது. டார்ஜிலிங்கின் முதல் பறிப்பில் (மார்ச், ஏப்ரலில் பறிப்பது) மட்டும் இதைக் குறையாக எடுக்க வேண்டாம். அந்தக் கொழுந்தை அளவுக்கு அதிகமாக வாட்டிவிடுவதால் மாற்றம் முழுமை அடைவதில்லை, பிளாக் டீ என்ற பெயரில் இலை பச்சையாகவே இருக்கும்.

அடுத்து நிறம். அடர்ந்த நிறம்தான் நல்ல டீ என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியது பளபளப்பு. கிண்ணத்தைச் சன்னலோரம் வைத்தால் நல்ல டிக்காஷன் கண்ணாடி மாதிரி ஒளிரும், விளிம்பில் பொன்னிற வளையம் தெரியும். தியாஃபிளேவின் என்ற பொருள் அந்தப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தையும் நாக்கில் சுருக்கென்று தெரியும் உயிர்ப்பையும் தருகிறது. தியாரூபிஜின் தருவது செம்பழுப்பு நிறமும் கனமும். நீண்ட நேரம் நொதிக்க விட்ட தேயிலையில் முதலாவது குறைந்து இரண்டாவது மட்டும் மிஞ்சும். நிறம் இருக்கும், உயிர் இருக்காது.

இப்போது உறிஞ்சுங்கள். அரை ஸ்பூன் எடுத்து, சத்தம் வர, காற்றோடு சேர்த்து உள்ளே இழுக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்தால் இது தொழில்முறை என்று சொல்லிவிடுங்கள். குன்னூரிலும் கொழும்பிலும் ஏலத்துக்கு விலை மதிப்பிடுகிறவர்கள் இப்படித்தான் வரிசையாக உறிஞ்சித் துப்பிக்கொண்டே போவார்கள். காற்று சேரும்போது மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். சந்தேகமிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள்: கசப்பு, துவர்ப்பு, சூடு மட்டும்தான் தெரியும். விரலை எடுத்த கணத்தில் மணம் வந்து சேரும்.

வாயில் என்ன தேடுவது? நான்கு கேள்வி போதும். கசப்பா, துவர்ப்பா? பாகற்காயில் இருப்பது கசப்பு. பச்சைப் பாக்கை மென்றதும் கன்னத்தின் உட்புறத்தை இழுப்பது துவர்ப்பு. தேநீரில் அளவான துவர்ப்பு வேண்டும், அதுதான் அடுத்த மடக்கைக் கேட்கும். கசப்பு ஓங்கினால் நேரமோ சூடோ கூடிவிட்டது. இரண்டாவது, கனம்: வாயில் தண்ணீராக ஓடுகிறதா, கொஞ்சம் கெட்டியாக நிற்கிறதா? மூன்றாவது, மணம்: பூவா, பழமா, பச்சைப் புல்லா, வறுத்த வாசமா, மரமா, புகையா? நான்காவது, விழுங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது, எவ்வளவு நேரம்?

விலையுயர்ந்த புத்தகங்களில் வரும் அயல்நாட்டுப் பழப் பெயர்களைத் தேடிப் போகாதீர்கள். மாம்பிஞ்சு, வைக்கோல், மகிழம்பூ, சுட்ட சோளம், புதிதாய்த் திறந்த புளிப்பானை என்று உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதையே எழுதுங்கள். அடுத்த முறை அந்தச் சொல்லைப் படித்ததும் உங்களுக்குச் சுவை ஞாபகம் வந்தால் அது சரியான சொல்.

கப்புகளுக்கு நடுவே வெறும் தண்ணீரும் உப்பில்லாத பொரியும். பல் தேய்த்த உடனேயும் ஊறுகாய் சாப்பிட்ட பிறகும் உட்காராதீர்கள். காலைப் பலகாரம் செரித்த பத்து, பதினோரு மணி நல்ல நேரம்.

படி 6: எந்த வரிசையில் பழகுவது

முதல் அமர்வு: வீட்டுத் தூளும் நீலகிரி ஆர்த்தடாக்ஸும். பால் இல்லாமல் வீட்டுத் தூளைக் குடிப்பது பலருக்கு இதுவே முதல் தடவையாக இருக்கும். நிறத்திலும் கனத்திலும் தூள் ஜெயிக்கும், மணத்தில் இலை ஜெயிக்கும். இந்த ஒரு ஒப்பீட்டிலேயே பால் டீக்கு ஏன் சிடிசி, பால் சேர்க்காத கட்டன் சாயாவுக்கு ஏன் இலை என்று விளங்கிவிடும்.

இரண்டாவது அமர்வு: நீலகிரி, அசாம், டார்ஜிலிங். மூன்று கப். இங்கே நிதானமாக இருங்கள், இந்த வழிகாட்டியில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். அசாம் பிரம்மபுத்திரா சமவெளியில் விளைவது. வறுத்த தானிய வாசம், கனம், அடர்ந்த சிவப்பு. நீலகிரி தெளிவு, மெல்லிய பூ மணம், முரட்டுத்தனமில்லாத துவர்ப்பு. டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் உறைபனிக் குளிரில் பறித்த கொழுந்து கிடைத்தால் அந்த மணம் இன்னும் தூக்கலாக இருக்கும். டார்ஜிலிங்கில் எந்தப் பருவம் என்பதே பாதி விஷயம். மார்ச், ஏப்ரல் முதல் பறிப்பு இளம்பச்சை வாசம். மே, ஜூன் இரண்டாம் பறிப்பில் மஸ்கட் திராட்சையை நினைவூட்டும் ஒரு மணம் வரும். அதற்குப் பின்னால் ஒரு பூச்சி இருக்கிறது. தத்துப்பூச்சி கொழுந்தின் சாற்றை உறிஞ்ச, செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருட்கள் அந்த மணத்துக்குக் காரணமாகின்றன. தைவானின் 'ஓரியண்டல் பியூட்டி' ஊலாங்கும் இதே பூச்சிக் கடியால் பெயர் பெற்றதுதான்.

மூன்று கிண்ணத்திலும் மிச்சமிருப்பதைத் தனித்தனிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அசாம் கலங்கிப் பாலாடை போட்டது போல இருக்கும். காஃபினும் பாலிஃபீனால்களும் குளிரில் பிணைந்துகொள்வதால் வரும் கலங்கல் அது, கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. நீலகிரி பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். ஐஸ் டீ தயாரிப்பவர்கள் நீலகிரியைத் தேடி வாங்குவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது அமர்வு: இலங்கை, உயரத்துக்கு உயரம். 1867இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைப் பயிர், காப்பிச் செடிகளை நோய் அழித்த பிறகு மலைநாடு முழுக்கப் பரவியது. அந்த மலைகளைத் தேயிலையாக்கிய உழைப்பு தமிழகத்திலிருந்து போன நம் மக்களுடையது, இன்றும் கொழுந்துக் கூடை மலையகத் தமிழ்ப் பெண்களின் தலையில்தான் தொங்குகிறது. நாலாயிரம் அடிக்கு மேல் விளைவது உயர்நிலம், இரண்டாயிரத்துக்குக் கீழ் தாழ்நிலம். நுவரெலியாவையும் ருகுணுவையும் பக்கத்தில் வைத்தால் ஒரே நாட்டுத் தேயிலை என்றே நம்ப முடியாது: முன்னது வெளிறிய பொன்னிறம், மென்மை, பூ மணம், பின்னது கருஞ்சிவப்பு, கனம், இனிப்பின் சாயல். ஊவா கிடைத்தால் ஜூலை முதல் செப்டம்பருக்குள் பறித்ததைக் கேளுங்கள். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் அந்த மாதங்களில் தொண்டையில் தைலம் தடவியது போன்ற ஒரு குளிர்மணம் ஏறும். ருசி பார்த்து முடிந்ததும் மிச்சத்தை அந்த ஊர் வழக்கப்படி, ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீயாக முடித்துவிடலாம்.

நான்காவது அமர்வு: ஒரே கிரீன் டீ, இரண்டு சூடு. 'கிரீன் டீ கசக்கும், உடம்புக்கு நல்லது என்று கண்ணை மூடிக் குடிக்கிறேன்' என்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஒரு கப்பில் கொதிநீர், இன்னொன்றில் மேலே சொன்ன இரண்டுக்கு ஒன்று கலவை, இரண்டும் இரண்டு நிமிடம். கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டச்சின்களும் காஃபினும் சூடு கூடக்கூட வேகமாக இறங்கும். இதமான இனிப்பைத் தரும் தியானின் குறைந்த சூட்டிலேயே வந்துவிடும். இரண்டாவது கப்பைக் குடித்த பிறகு எடை குறைப்புக்காக வாங்கிய டப்பாவின்மேல் இருந்த கோபம் தீரலாம். அப்படியும் தீரவில்லை என்றால் அந்தத் தேயிலையே மட்டம்.

ஊலாங்கை வேறு வழியில் அணுக வேண்டும். நூறு மில்லிக்கு 5 கிராம் போட்டு, இருபது முப்பது விநாடியிலேயே வடித்து, அதே இலையில் ஐந்தாறு முறை ஊற்றிக் குடிப்பது சீன வழக்கம். இங்கே ஒப்பீடு ஒரே இலையின் முதல் ஊற்றுக்கும் நான்காம் ஊற்றுக்கும் இடையில். ஃபூஜியான் மாகாணத்து தியெகுவான்யின் கிடைத்தால் அதில் தொடங்குங்கள். உருண்டையாகச் சுருட்டிய இலை ஒவ்வோர் ஊற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்வதைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. ஒயிட் டீ விலை அதிகம், குரல் மெல்லியது. இவ்வளவும் பழகிய பிறகு வாங்கினால் போதும். ஒரே நாளில் பலவற்றை வைத்தால் ஒயிட், கிரீன், ஊலாங், பிளாக் என்று மென்மையிலிருந்து கனத்துக்குப் போங்கள்.

சில எச்சரிக்கைகள்

நாலைந்து கப் வரிசையாக வைக்கும்போது முழுதும் குடிக்க வேண்டியதில்லை, துப்பிவிடலாம். ஒரு கப் பிளாக் டீயில் நாற்பது ஐம்பது மில்லிகிராம் காஃபின் இருக்கும். மாலை ஆறுக்கு மேல் அமர்வு வைத்தால் இரவு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க நேரும். வெறும் வயிற்றில் கடும் டிக்காஷன் குமட்டும். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தேநீர் குறைக்கும் என்பதால், ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடட்டும்.

உதிரியாக வாங்கிய தூளில் சாயம் கலந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால், வெள்ளை வடிதாளில் கொஞ்சம் தூவித் தண்ணீர் தெளியுங்கள். பிறகு தூளைத் தட்டிவிட்டு, தாளைக் குழாயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாயமேற்றிய தூள் உடனே மஞ்சளோ சிவப்போ பழுப்போ ஆகக் கறை விடும்.

தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசனையை எல்லாம் வாங்கிக்கொள்ளும். மசாலா டப்பாவுக்கும் சாமி அறைக்கும் தூரமாக, வெளிச்சமும் ஈரமும் புகாத தகர டப்பாவில் வையுங்கள். கண்ணாடி ஜாடி பார்க்க அழகு, தேயிலைக்கு ஆகாது.

படி 7: மறுபடி பாலுக்கு

இவ்வளவும் செய்த பிறகு பால் டீயையும் இதே முறையில் சோதியுங்கள். ஐ.எஸ்.ஓ. முறையிலேயே அதற்கு இடமிருக்கிறது, சிறிய கிண்ணத்துக்கு 2.5 மில்லி பால்தான் அளவு. வடித்த இரண்டு டிக்காஷனிலும் அரை ஸ்பூன் காய்ச்சிய பால் விட்டுப் பாருங்கள். நல்ல அசாம் சிடிசி பொன்சிவப்பாகத் திரும்பும். நொதித்தல் தவறிய தேயிலை சாம்பல் பூத்த பழுப்பாக நிற்கும். டார்ஜிலிங் காணாமலே போய்விடும், அதற்குப் பால் ஊற்றுவது காசைக் கரைப்பது.

இதிலிருந்து உங்கள் வீட்டுக்கென்று ஒரு கலவை பிறக்கும். கனத்துக்குச் சிடிசி டஸ்ட் மூன்று பங்கு, மணத்துக்கு நீலகிரி அல்லது டிம்புல பி.ஓ.பி.எஃப். ஒரு பங்கு என்று தொடங்குங்கள். முழு இலையைக் கலக்காதீர்கள். தூள் சாயம் விட்டு முடித்த பிறகும் இலை விரிந்துகொண்டே இருக்கும், டப்பாவிலும் தூள் கீழே போய் இலை மேலே நிற்கும். கொதிக்கும் நீரில் கலவையைப் போட்டு, அடுப்பை அணைத்து மூன்று நிமிடம் மூடி வைத்து, தனியே காய்ச்சிய பாலைக் கடைசியில் சேருங்கள். பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அந்த ஒரு பங்கு மணம் ஆவியோடு போய்விடும். மணம் போதவில்லை என்றால் இரண்டுக்கு ஒன்றாக்குங்கள். கனம் குறைந்தால் நான்குக்கு ஒன்று. விகிதத்தை டப்பாவின் மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் வாங்கும்போது நினைவு வராது.